பச்சோந்திக்கு ஏற்ற கொம்பு எது?

காலை 7 மணி. ஓரகடம் கூட்டு ரோடு.

இரவு ஷிப்டு முடித்தவர்கள் கம்பெனி பஸ்களில் திரும்பிக்கொண்டு இருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்காரர்களை ஏற்றிய பஸ்கள் எதிரே வருகின்றன. நடுவில் கார்களைச் சுமந்த நீளமான லாரிகள். ரோட்டைக் கடக்க மனிதர்களே தயங்கி நிற்கிறார்கள்.

அந்த ரோட்டின் ஓரத்தில் ஒரு பிராணி கிளம்புகிறது. ஒரு காலைத் தூக்குகிறது. முன்னும் பின்னும் ஆடுகிறது. ஊன்றலாமா, வேண்டாமா என்று யோசிப்பது போல நிற்கிறது. பிறகு ஊன்றுகிறது. அடுத்த காலைத் தூக்குகிறது. மறுபடியும் ஆட்டம்!

அதுதான் பச்சோந்தி. இந்த வேகத்தில் அது ரோட்டைத் தாண்டுவதற்குள் எத்தனை லாரிகள் வரும்?

செடியில் இருக்கும்போது இந்த ஆட்டம் அதற்கு நல்லது. காற்றில் இலை ஆடுவது போலத் தோன்றும். பருந்தும் பாம்பும் ஏமாந்து போகும். தார் ரோட்டில் லாரி ஏமாறாது.

"நாமே வளர்க்கலாமா?"

மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தொழிலாளி இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரக்கம் உள்ளவர். வண்டியை ஓரமாக நிறுத்துகிறார். ஒரு குச்சியை அதன் முன்னே நீட்டுகிறார். அது குச்சியைப் பற்றி ஏறிக்கொள்கிறது. சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்.

வீட்டில் என்ன நடக்கும்?

"ஐயையோ! விஷ ஜந்துங்க! முதல்ல வெளியே விடுங்க!" என்பார் மனைவி.

"அப்பா, அப்பா! இதை நாமே வளர்க்கலாம்ப்பா!" என்று குதிக்கும் குழந்தை.

இரண்டு பேர் சொல்வதும் சரி அல்ல.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அது மூச்சு விட்டால் ஆகாது, எச்சில் பட்டால் ஆகாது என்று கிராமங்களில் சொல்வார்கள். அத்தனையும் வீண் பயம். கோபம் வந்தால் உடம்பைப் பலூன் போல ஊதிக்கொள்ளும். வாயைத் திறந்து சீறும். மிஞ்சிப் போனால் ஒரு கடி. அவ்வளவுதான்!

ஆனால் வளர்க்கலாமா என்றால், கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும், வீட்டில் வைத்துக்கொள்வதும், விற்பதும் குற்றம். ஜெயில் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு.

குழந்தை அழும். அழட்டும். ஒரு கொய்யாக் குச்சியைக் கையில் கொடுத்து, இந்தப் பிராணியின் கால் கதையைச் சொன்னால் அழுகை நின்றுவிடும்.

கால் அல்ல, கொறடு!

பல்லிக்கு ஒவ்வொரு காலிலும் 5 விரல்கள். விரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருப்பதால் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. கூரையில் தலைகீழாக நிற்கிறது.

பச்சோந்திக்கும் 5 விரல்கள்தான். ஆனால் அவை இரண்டு கட்டாகச் சேர்ந்து இருக்கின்றன. முன்னங்காலில் உள்பக்கம் 3, வெளிப்பக்கம் 2. பின்னங்காலில் நேர்மாறாக உள்பக்கம் 2, வெளிப்பக்கம் 3. பார்ப்பதற்குக் கொறடு போல இருக்கும்.

கொறடு என்ன செய்யும்? இரண்டு பக்கமும் சேர்ந்து நடுவில் உள்ளதைக் கவ்விப் பிடிக்கும். பச்சோந்தியின் காலும் அப்படித்தான். கவ்வுவதற்கு நடுவில் ஏதாவது வேண்டும். வழுவழுப்பான சிமெண்டுச் சுவரில் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. சமதரையில் நடப்பதும் சிரமம்.

ஐந்தாவது கை ஒன்றும் இருக்கிறது. அதுதான் வால்! கடிகாரத்துச் சுருள்வில் போலச் சுருட்டி வைத்திருக்கும். தேவையானபோது விரித்துக் கொம்பைச் சுற்றிக்கொள்ளும். கால் வழுக்கினால் வால் தாங்கும். பல்லியின் வால் அறுந்தால் மறுபடி முளைக்கும். பச்சோந்தியின் வால் போனால் போனதுதான், முளைக்காது. ஆகையால் வாலைப் பிடித்துத் தூக்குவது பெரிய பாவம்.

கொம்பில் உட்கார்ந்தபடியே அது சாப்பிடும். இரை தேடி ஓடாது. வெட்டுக்கிளி ஒன்று எட்டத்தில் உட்கார்ந்து இருக்கும். இதுவரை தனித்தனியாகச் சுழன்ற இரண்டு கண்களும் அந்த ஒரே இடத்தைப் பார்க்கும். பிறகு நாக்கு பாயும். உடம்பைவிட நீளமான நாக்கு அது! நுனியில் பசை போன்ற எச்சில். வெட்டுக்கிளி வாய்க்குள் போய்விடும். நாக்கு பாயும் அந்த நொடியில் நான்கு கால்களும் வாலும் கொம்பை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் குறி தப்பும்.

பிடி இல்லாத பச்சோந்தி பட்டினிதான் கிடக்கும். கொம்பு விஷயம் இதனால்தான் முக்கியம் ஆகிறது.

வெளிநாட்டில் கூண்டு

உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைப் பச்சோந்திகள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. அங்கே 2 அடி நீளம் வளரும் வகையும் உண்டு. 2021-ல் விஞ்ஞானிகள் அறிவித்த ஒரு வகையில் ஆண், வாலோடு சேர்த்து 22 மில்லி மீட்டர்தான். விரல் நுனியில் உட்கார்ந்துகொள்ளும்!

இந்தியாவில் உள்ளது ஒரே ஒரு வகை. இலங்கையிலும் அதுவே வாழ்கிறது. வளர்ந்தது தலை முதல் வால் நுனி வரை ஒரு அடிக்குச் சற்று மேல் இருக்கும்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஏமன் நாட்டுப் பச்சோந்தியையும் மடகாஸ்கர் பச்சோந்தியையும் சட்டப்படியே வளர்க்கிறார்கள். கூண்டில் பிறந்த குஞ்சுகளைக் கடையில் வாங்குகிறார்கள். அவர்கள் ஆரம்பத்தில் நிறையத் தவறு செய்தார்கள். தவறு செய்துதான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் நம் ஊர் மிருகக்காட்சி சாலைக்கும் உதவும், அடிபட்ட பச்சோந்தியை ஒரு ராத்திரி காப்பாற்ற நினைப்பவருக்கும் உதவும்.

முதல் தவறு, எல்லாக் குச்சியையும் ஒரே பருமனில் வைத்தது. கடையில் விற்கும் உருண்டைக் கட்டைகளை வாங்கிக் கூண்டில் வரிசையாக மாட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. பச்சோந்திக்கோ பாதம் புண்ணாயிற்று. நாள் முழுவதும் ஒரே அளவில் பிடித்தால் நம் கைகூட மரத்துப் போகும் அல்லவா? காட்டுச் செடியில் ஒரு கிளை கட்டைவிரல் பருமன், அடுத்தது பென்சில் பருமன், நுனி ஈர்க்குச்சி பருமன். பிடி மாறிக்கொண்டே இருக்கும்.

அளவு பார்ப்பது எளிது. பச்சோந்தி கொம்பைப் பிடித்ததும் இரண்டு விரல் கட்டுகளும் கொம்பைச் சுற்றி வளைந்து, அடியில் கிட்டத்தட்டச் சந்திக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் கொம்பு மெல்லியது. பாதிகூடச் சுற்றவில்லை என்றால் பருமன் அதிகம். வளர்ந்ததற்குக் கட்டைவிரல் பருமனும், குஞ்சுக்குப் பென்சிலைவிட மெல்லியதும் ஏறக்குறையப் பொருந்தும்.

அடுத்தது மேற்பரப்பு. வார்னிஷ் பூசிய மூங்கில், பிளாஸ்டிக் குழாய் இரண்டும் வழுக்கும். விழுந்தால் எலும்பு முறியும். வழுக்கக் கூடாது என்று சிலர் உப்புத்தாள் ஒட்டிப் பார்த்தார்கள். அது உள்ளங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கியது. மரப்பட்டையோடு கூடிய இயற்கையான கொம்புக்கு ஈடு எதுவும் இல்லை.

நூலும் வலையும்

கயிறு கட்டலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆபத்து!

பச்சோந்தியின் நகம் ஊசி போலக் கூர்மை. பிரிந்து கிடக்கும் நூலில் அந்த நகம் மாட்டினால் வராது. அது இழுக்கும். நகம் பிய்ந்து ரத்தம் வரும். சில சமயம் விரலே போய்விடும். பழைய கயிறு, பிசிர் விட்ட சணல், கொசுவலைத் துணி எல்லாமே இந்த ஜாதிதான். கடையில் அழகழகான பிளாஸ்டிக் கொடிகள் விற்கிறார்கள். உள்ளே கம்பி, மேலே பஞ்சு போன்ற உறை. உறை உரிந்தால் கம்பி குத்தும். உரிந்த துண்டைப் பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் வயிறு அடைத்துக்கொள்ளும்.

கொம்பை வெறுமனே சாய்த்து வைப்பதும் தவறு. இரண்டு முனையும் கூண்டின் சட்டத்தோடு அசையாமல் இருக்க வேண்டும். வைத்ததும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிராணியின் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்கினால்தான் அது கொம்பு.

குளிர் தேசங்களில் கூண்டுக்கு மேல் சூடான விளக்கு எரியும். அந்த விளக்கை ஒட்டிக் கொம்பு வைத்துப் பல பச்சோந்திகளின் முதுகு வெந்து போனது. வெப்பம் சுகமாக இருக்கிறதே என்று அது நகராமல் உட்கார்ந்து இருக்கும். தோல் கருகிய பிறகுதான் தெரியும். அதனால் விளக்குக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது விடச் சொல்கிறார்கள். விளக்கின் சூட்டுக்குத் தகுந்தபடி அதைக் கூட்டவும் வேண்டும்.

பெண் பச்சோந்திக்கு இன்னும் ஒன்று தேவை. மேலிருந்து தரைக்கு இறங்கும் சரிவான கொம்பு! காட்டில் முட்டையிடும் காலம் வந்தால் அது மரத்தை விட்டு இறங்கி, மண்ணைக் குழி தோண்டி முட்டையிட்டு மூடும். கூண்டில் இறங்க வழி இல்லை, தோண்ட மண் இல்லை என்றால் முட்டை வயிற்றிலேயே தங்கிவிடும். தாய் செத்துப் போகும். நம் ஊர் ரோடுகளில் அடிபடும் பச்சோந்திகளில், முட்டையிட இடம் தேடிக் கிளம்பிய தாய்களும் உண்டு.

கொம்பு சரியாக இருந்தும் விழுகிறதா? அப்போது குறை எலும்பில் இருக்கலாம். சூரிய வெளிச்சம் படாமல் வீட்டுக்குள் அடைத்து வைத்தால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. எலும்பு ரப்பர் போல வளையும். பிடி தளரும். இதை எந்தக் கொம்பும் சரி செய்யாது.

முருங்கையா? கொய்யாவா?

நம் பக்கத்து மரங்களில் எது ஏற்றது?

முருங்கை வேண்டாம். முருங்கைக் கொம்பு முறியும் என்பது ஏறி விழுந்த எல்லாருக்கும் தெரியும். எருக்கு, கள்ளி வேண்டாம். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி கூடவே கூடாது. இலை, பூ, கொம்பு எல்லாமே விஷம். ஏமன் பச்சோந்தி பூச்சியோடு இலையையும் தின்னும் வகை. அதன் கூண்டில் அரளி வைத்தால் கொலைதான்.

கொய்யா நல்ல கொம்பு. கெட்டி, நிறையக் கவை, ஒவ்வொன்றும் ஒரு பருமன். அந்தக் காலத்துப் பையன்கள் கொய்யாக் கவையில் உண்டிவில் செய்து ஓணானையும் பச்சோந்தியையும் அடித்தார்கள். அதே கவை இப்போது பச்சோந்திக்கு ஆசனம் ஆகட்டுமே! செம்பருத்தியும் நல்லது. வேரோடு தொட்டியில் வைத்தால் கொம்புக்குக் கொம்பு, நிழலுக்கு நிழல். இலையில் தெளித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிற்கும். பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் உள்ள சொட்டைத்தான் நக்கும்.

வெட்டிய கொம்பைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பூச்சி மருந்து அடித்த தோட்டத்துக் கொம்பைத் தொடவே கூடாது.

இந்த வட்டாரத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. பார்சல் மரம்! வெளிநாட்டிலிருந்து இயந்திர உதிரி பாகங்கள் வந்து இறங்கும் மரப் பெட்டிகளும் பலகைகளும் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கோழிக்கூண்டு, நாய்க்கூண்டு எல்லாம் அதில் செய்கிறார்கள். அந்தப் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்ற மரம். 'எம்.பி.' என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. எந்தப் பிராணியின் கூண்டுக்கும் அந்த மரம் வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையில் என்ன எண்ணெய் கொட்டியதோ, என்ன ரசாயனம் பட்டதோ, யார் கண்டது?

ராமானுஜர் ஊரில் ராட்சத யந்திரங்கள்

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். சுற்றிலும் ஏரிகள், வயல்கள், முள்காடுகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார் தொழிற்சாலை திறந்தது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அங்கே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிற ஊர் ஆகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பச்சோந்தியின் கொம்பு எங்கே போயிற்று?

முன்பு நிலத்துக்கு நிலம் உயிர்வேலி இருந்தது. கிளுவை, நொச்சி, காரை, சூரை, ஆடாதோடை என்று பின்னிக் கிடக்கும். பச்சோந்தி தரையில் கால் வைக்காமலே ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்குப் போகும். அது பச்சோந்தியின் ரோடு. இன்று அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர்களும் முள்கம்பியும் நிற்கின்றன. ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே நாலு வழிச் சாலை! கொம்பு விட்டுப் போன இடத்தில்தான் பச்சோந்தி தார் ரோட்டில் இறங்குகிறது.

தொழிற்சாலைகள் சுவர் ஓரம் மரம் நடுகின்றன. நல்ல காரியம். ஆனால் பத்தடிக்கு ஒன்றாக நின்று, கிளைகள் ஒன்றை ஒன்று தொடாவிட்டால் அதில் பச்சோந்தி எப்படிப் போகும்? நடுவே நாலு நொச்சிப் புதர் வைத்தால் என்ன செலவாகிவிடும்?

ஒரு ராத்திரி விருந்தாளி

சாப்பாட்டுப் பையில் வந்த பச்சோந்திக்குத் திரும்புவோம்.

காயம் எதுவும் இல்லை என்றால் வீட்டுக்கே கொண்டு வந்திருக்க வேண்டாம். அது போய்க்கொண்டு இருந்த திசையிலேயே, ரோட்டுக்கு அந்தப்புறம் உள்ள புதரில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

காயம் இருந்தால் வன இலாகாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வரும்வரை ஓர் அட்டைப் பெட்டி போதும். பக்கங்களில் காற்றுக்குத் துளை. குறுக்கே ஒரு கொய்யாக் கொம்பு, இரண்டு பக்கமும் அட்டையைத் துளைத்துச் செருகியது, ஆடக் கூடாது. தரையிலிருந்து நாலு விரல் உயரம் இருந்தால் போதும், விழுந்தாலும் அடிபடாது. மேலே இலையோடு ஒரு சிறு கிளை. இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். வாயைத் திறந்து ஊட்டக் கூடாது. கண்ணாடித் தொட்டியில் விட்டால் தன் நிழலையே எதிரி என்று நினைத்துச் சீறிச் சீறிக் களைத்துவிடும். இரண்டு கிடைத்தால் இரண்டு பெட்டி! ஒன்றாகப் போட்டால் சண்டைதான்.

பெட்டியை உயரமான இடத்தில் வைக்க வேண்டும். மேலிருந்து வரும் கை, அதற்குப் பருந்து மாதிரி.

கரும்புள்ளியும் கறுப்பு நிறமுமாக மாறினால் குழந்தைகள் கை தட்டுவார்கள். அது வேடிக்கை அல்ல, பயம்! சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகும் என்பது கட்டுக்கதை. பயம், கோபம், வெயில், குளிர், ஜோடி சேரும் ஆசை இவற்றைத்தான் நிறம் காட்டுகிறது. தோலுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறும்போது நிறம் மாறுகிறது என்று ஜெனீவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2015-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மனதில் உள்ளதை அப்படியே தோலில் காட்டும் பிராணி இது. கட்சி மாறுகிறவர்களுக்கு இதன் பெயரை வைத்தது கொஞ்சம் அநியாயம்தான்!

வெளிநாட்டுப் பச்சோந்தி வாங்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் ஓணான்களும் பாம்புகளும் ஆமைகளும் அடைபட்டு வந்து பிடிபட்ட செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கலாம். சில பெட்டிகளில் பாதி உயிர்கள் வழியிலேயே செத்திருக்கும். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024-ல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. ரசீது இல்லாமல் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காமல் இருப்பது உத்தமம்.

குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்றால் ஓரகடத்திலிருந்து வாலாஜாபாத்-வண்டலூர் ரோட்டிலேயே சுமார் 20 கிலோ மீட்டர் போனால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. ஊர்வன பிராணிகளுக்கு அங்கே தனி இடம் உண்டு. கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை இருக்கிறது. ஒன்றும் வேண்டாம், இரவில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பெரியவர் துணையோடு வேலி ஓரம் போனாலே போதும். தூங்கும் பச்சோந்தி வெளிறிப் போய், மெல்லிய நுனிக் கிளையில் தொங்கிக்கொண்டு இருக்கும். பாம்பு ஏறினால் கிளை ஆடி எழுப்பிவிடும் அல்லவா? அதனால்தான் நுனி. பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும்.

காயம் ஆறி விடும் நாளில் வன இலாகா ஊழியர்கள் அதைக் கையால் பிடுங்க மாட்டார்கள். பிடி விடாத காலை இழுத்தால் விரல் ஒடியும். கொம்போடு சேர்த்தே வெளியே எடுத்து, புதரின் கிளையோடு அந்தக் கொம்பைச் சேர்த்துப் பிடிப்பார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு கண் மனிதர்களைப் பார்க்கும். ஒரு கண் புதரைப் பார்க்கும். முன்னங்கால் ஒன்று எழும்பும். ஆடும். புதுக் கிளையைத் தொடும். விடும். மறுபடி தொட்டுப் பிடிக்கும். அடுத்த கால். அதற்கு அடுத்த கால். கடைசியாக வால் பழைய கொம்பிலிருந்து மெதுவாகப் பிரியும். இதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகலாம்.